மஸ்டர் ரோலில் ஏறாத எட்டு மாதம்

அதைத்தான் சொல்ல வந்தேன் ராபியா. நம் தெரு ரோசி மகள் காலேஜில் அம்புட்டுப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். சுற்றுச்சூழல் படிப்பாம். காடு, கண்மாய், காற்று எல்லாவற்றையும் காப்பாற்றுகிற படிப்பு. வேலை கேட்டுப் போன இடத்தில், "மொதல்ல ஆறு மாசம் சம்பளமில்லாம வாலண்டியரா வாம்மா, அனுபவம் கெடைக்கும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை ரோசி பெருமையாக வேறு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறாள். நீ அந்தக் கீரைக்கட்டை இந்தப் பக்கம் தள்ளு. நான் ஆய்கிறேன். நீ காதை மட்டும் கொடு.

வாலண்டியர் என்கிற பெயர்தான் புதிது. எங்கள் காலத்தில் அதற்குச் சிரமதானம் என்று பெயர். நயா பைசா வந்த புதிது அது. ஊருக்கு ஊர் ஆபீசர்கள் ஜீப்பில் வந்து மைக்கில் பேசுவார்கள். சனங்கள் மண்வெட்டியோடு போய் ரோடு போடுவார்கள், கண்மாய் தூர் எடுப்பார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. நம் கண்மாயை நாமே வெட்டி நாமே தண்ணீர் எடுத்தோம். ஆனால் அதே பெயரைச் சொல்லி ஒரு ஆபீஸ் என்னை எட்டு மாதம் ஏய்த்தது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலையைப் பார்த்து ரிட்டயர் ஆகியும் விட்டேன். இன்றைக்கும் நினைத்தால் சோறு இறங்காது. சொல்வதற்கு மட்டும் எப்போதும் ருசியாக இருக்கும்.

1. முதல் நாள்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் சூசைக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. நாள் முழுவதும் அரம் போட்டு அரம் போட்டு, சாப்பிட உட்கார்ந்தாலும் சோற்றில் இரும்பு வாசம் அடிக்கும். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தாடிக்கொம்பு போகிற ரோட்டில் சர்க்கார் ஆபீஸ்காரர்கள் ஒரு நாற்றங்கால் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கள்ளி வேலி, நடுவில் ஒரு கிணறு, வரிசையாகப் பனையோலைக் கொட்டான்கள். கொட்டானில் செடி வளர்த்து, ஐப்பசி மழைக்கு ரோட்டோரத்திலும் கண்மாய்க் கரையிலும் கொண்டுபோய் நடுவார்கள். அங்கே செடிகளைப் பார்த்துக்கொள்கிற மாலி வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தண்ணீருக்கு நிற்கிற இடத்தில் பேச்சு. எனக்குக் கால் நிற்கவில்லை. நான் எரியோட்டில் ஆட்டுக்குப் பின்னால் திரிந்து வளர்ந்தவள். எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எந்த விதை எத்தனை நாளில் கண் விடும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே எனக்குத் தெரியும். கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் போய் நின்றேன். நாற்றங்காலுக்குப் பொறுப்பான ஓவர்சியர் குடையை விரித்துப் பிடித்தபடி கிணற்றடியில் நின்றார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆபீசர் என்றால் குடை பிடிக்க வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள் போல.

"பேரென்ன?"

"ஆரோக்கியம்ங்கய்யா."

"படிச்சிருக்கியா?"

"இல்லங்கய்யா. செடி தெரியும், வெத தெரியும். ஆடு மேச்சு வளந்தவ."

"ஆடு செடியத் திங்கத்தான செய்யும். அதுக்கிட்ட என்னத்தக் கத்துக்கிட்டே? சரி, அனுபவம் இருக்கா?"

"வேல குடுத்தீங்கன்னா வந்துரும்ங்கய்யா."

"அனுபவம் இல்லாம வேல குடுக்க முடியாதே."

"வேல குடுக்காம அனுபவம் எங்கிட்டுங்கய்யா வரும்?"

அவர் சிரித்துவிட்டார். "வாயி இருக்கு ஒனக்கு. ஒண்ணு செய்யி. சிரமதானமா வா. ஆவணியில மாலி போஸ்ட்டு வருது. எட்டு மாசம் கூடவே நின்னு வேல பாத்தவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

அப்போது ஒரு நீளமான நோட்டில் வேலையாட்கள் வரிசையாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் மஸ்டர் ரோல். அன்றன்றைக்கு வந்தவர்கள் பெயர் அதில் ஏறும். நானும் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"அது கூலிக்காரங்களுக்கும்மா. நீ சேவை பண்ண வந்தவ. ஒனக்கு எதுக்கு அந்த மையெல்லாம்?" என்றார்.

எனக்கு அது மரியாதையாகப் பட்டது ராபியா. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். சூசை அரத்தைக் கீழே வைத்தார். "ஏ புள்ள, நான் பூட்டுச் செஞ்சா மறுநா அந்தப் பூட்டாவது கையில இருக்கும். நீ தண்ணி ஊத்திட்டு வந்தியே, ஒங்கிட்ட என்ன இருக்கு?" என்றார். "அனுபவம்" என்றேன். "அத வச்சு இன்னைக்கு வெஞ்சனம் வையி, பாப்பம்" என்றார்.

2. ஆட்டுப்பட்டி விதை

விடியுமுன் எழுந்து சோறு வடித்து வைத்துவிட்டு ஓடுவேன். தண்ணீர் இறைப்பேன், கொட்டானில் மண் அடைப்பேன், களை எடுப்பேன். ஓவர்சியரின் மச்சினன் ராஜு என்று ஒருவன் எப்போதாவது சைக்கிளில் வருவான். அவர் சம்சாரத்தின் தம்பி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. வேப்ப நிழலில் உட்கார்ந்து விசில் அடிப்பான், மத்தியானத்துக்குள் போய்விடுவான். எட்டு மாதத்தில் நான்கு தடவை வந்திருந்தால் அதிகம். அக்கா வீட்டுக்காரரைப் பார்க்க வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் கருவேல விதை போட்டார்கள். ஆபீசிலிருந்து மூட்டையில் வந்த விதை. கருவேலங்கொட்டை கல் மாதிரி இருக்கும். அப்படியே மண்ணில் போட்டால் அடுத்த வருடம் வரைக்கும் அசையாது. நான் சொன்னேன். "கெவுருமெண்ட்டு வெதம்மா, மொளைக்காம என்ன செய்யும்?" என்றார் ஓவர்சியர். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினோம். நாய்க்குடை முளைத்தது, விதை முளைக்கவில்லை. ஆடியில் மதுரையிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார் என்று கடுதாசி வந்ததும் ஓவர்சியருக்குக் குடைக்குள்ளேயே வேர்த்தது.

நான் பஸ் ஏறி எரியோட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வேலங்காய் காய்க்கிற காலத்தில் ஆடுகள் நாளெல்லாம் அதைத்தான் தின்னும். தின்றுவிட்டுப் பட்டியில் படுத்து அசை போடும்போது, கொட்டையை மட்டும் துப்பிவிடும். ஆட்டு வயிற்றில் ஊறி வந்த கொட்டைக்குத் தோல் தளர்ந்திருக்கும். அதை மண்ணில் போட்டால் பத்தே நாளில் கண் விடும். ஆனால் விடிந்ததும், ஆடு எழுந்த கையோடு பொறுக்க வேண்டும். பட்டியைக் கூட்டிவிட்டால் சாணியோடு போய்விடும். பொறுக்கியதைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதைத் தள்ளிவிட்டு, முங்குகிறதை மட்டும் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் வேலி போட நினைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள்.

மூன்று விடியல் பொறுக்கினேன். அண்ணி சிரித்தாள். "சர்க்காரு வேலன்னு சொன்னே, இங்க வந்து ஆட்டு எச்சியப் பொறுக்கிக்கிட்டு இருக்கியே" என்றாள். பொறுக்கியதைக் கொண்டுவந்து கொட்டானில் ஊன்றினேன். பத்தாம் நாள் வரிசை வரிசையாகப் பச்சை. ஓவர்சியர் குனிந்து பார்த்தார். "பரவால்லையே" என்றார். அவ்வளவுதான்.

3. வேலிக்கு வெளியே

பெரிய ஆபீசர் வருகிற அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போய்த் தரை தெளித்து வைத்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் ஓவர்சியர் என்னிடம் வந்தார்.

"ஏம்மா ஆரோக்கியம், நீ செத்த நேரம் வேலிக்கு அங்கிட்டு நில்லு."

"எதுக்குங்கய்யா?"

"ஒம்பேரு ரிஜிஸ்டர்ல இல்ல. அவரு கேட்டா நான் என்ன சொல்ல?"

நான் தெளித்த தரையைத் தாண்டி, கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் போய் வெயிலில் நின்றேன். மற்ற நாளில் எட்டிப் பார்க்காத ராஜு அன்றைக்குக் காக்கி நிஜாரோடு உள்ளே நின்றான்.

பெரிய ஆபீசர் வயதானவர், செடியை உற்றுப் பார்க்கிறவர். "கருவேலம் ஒண்ணு விடாம மொளைச்சிருக்கே. என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

ஓவர்சியர் மச்சினனை முன்னால் தள்ளினார். அவன், "வெந்நீர் ட்ரீட்மெண்ட் சார்" என்றான்.

"எப்பிடி?"

"ஒரு மணி நேரம் நல்லாக் கொதிக்க வைப்போம் சார்."

எனக்கு அடக்க முடியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "ஒரு மணி நேரம் கொதிச்சா சுண்டல்தாங்கய்யா கெடைக்கும், செடி கெடைக்காது" என்றேன்.

கூலியாட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரிய ஆபீசரும் சிரித்தார். என்னை உள்ளே கூப்பிட்டு விவரம் கேட்டார். ஆட்டுப்பட்டி விதை என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "இந்தம்மா யாரு?" என்றார் ஓவர்சியரிடம்.

"சிரமதானத்துக்கு வர்ற பொம்பள சார். ரொம்ப நல்ல மாதிரி."

"அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லி, ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். நற்சான்று. உன் அம்மா நூர்ஜஹான்தான் அதை வாசித்துக் காட்டினாள். நம் தெருவில் அப்போது ஐந்தாம் வகுப்பு வரை படித்த பொம்பளை அவள் ஒருத்திதான். பலன் எதிர்பாராமல் தொண்டு செய்கிறாள் என்று எழுதியிருந்ததாம். பலன் எதிர்பார்க்கவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஆவணியை எதிர்பார்த்து நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

4. இன்டர்வியூ

ஆவணிக் கடைசியில் மாலி வேலைக்கு ஆபீசில் வரச்சொன்னார்கள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, அந்த நற்சான்றை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ராஜுவும் இருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் வேறொரு மேலாபீசர், பக்கத்தில் நம் ஓவர்சியர், ஒரு கிளார்க்.

"முன் அனுபவம் உள்ளவங்க யாரு?" என்று மேலாபீசர் கேட்டார். நான் எழுந்தேன். அதற்குள் கிளார்க் மஸ்டர் ரோலைப் பிரித்து வாசித்தார். "ராஜு. தையிலேர்ந்து ஆவணி முடிய. ஒரு நாள் விடாம ஆஜர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ வேறு ராஜு என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் வந்த நாட்களையெல்லாம் அவன் பெயரில் எழுதியிருக்கிறார்கள். நான் தண்ணீர் இறைத்த நாள், மண் அடைத்த நாள், எரியோட்டில் ஆட்டுக்கு நடுவே குத்தவைத்து விதை பொறுக்கிய நாள் எல்லாவற்றிலும் அவன் ஆஜர். கூலியும் அவன் பேருக்குத்தான் போயிருக்கும். அதைக்கூட விடு. காய்ச்சலோடு போன நாட்கள் இருந்தன ராபியா. அந்தக் காய்ச்சலும் அவன் கணக்கில் போய்விட்டது.

"அய்யா, அந்தத் தம்பி வந்ததே நாலு நாளு. மத்த நாளெல்லாம் வந்தது நான்" என்றேன்.

மேலாபீசர் நோட்டைப் புரட்டினார். "ஒம்பேரு இதுல இல்லையேம்மா."

"என்னைக் கைநாட்டு வைக்கவே விடலங்கய்யா. இவரைக் கேளுங்க."

ஓவர்சியர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "இந்தம்மா அப்பப்ப சேவைக்கு வரும் சார்" என்றார்.

அப்பப்ப. நற்சான்றை எடுத்து மேசையில் வைத்தேன். மேலாபீசர் வாசித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இது தொண்டும்மா. நாங்க கேக்குறது அனுபவம்" என்றார்.

வேலையை ராஜுவுக்கே கொடுத்தார்கள். வெளியே வந்தபோது அவன் பின்னாலேயே ஓடி வந்தான். "அக்கா, நான் ஒண்ணும் கேக்கல. மச்சான்தான் எழுதிக்கிட்டாரு" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லை. "கேக்கலதான். வேண்டாம்னு சொன்னியா?" என்றேன்.

வீட்டில் சூசை ஒன்றும் கேலி பேசவில்லை. அவரே உலை வைத்தார். கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஏதோ ஒன்று வந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து நாற்றங்கால் பக்கம் போகவில்லை.

5. புழுக்கைக்குத் தண்ணீர்

மறு வருடம் வைகாசி. அங்கே வேலை பார்க்கிற பெண்ணொருத்தி வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆட்டுப்பட்டி விதை என்று நான் பெரிய ஆபீசரிடம் சொன்னது ராஜு காதில் விழுந்திருக்கிறது அல்லவா. அவன் ஒரு வண்டி நிறைய ஆட்டுப் புழுக்கையை வாங்கிக் கொண்டுவந்து, கொட்டானுக்கு மூன்று புழுக்கை வீதம் ஊன்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறானாம். தினமும் காலையில் குனிந்து முளை விட்டதா என்று வேறு பார்க்கிறானாம். ஆடு துப்புகிறதைப் பொறுக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்துவிட்டது.

நான்காம் நாள் குடை வீட்டு வாசலில் வந்து நின்றது.

"ஏம்மா ஆரோக்கியம், நல்லா இருக்கியா?"

"இருக்கேங்கய்யா."

"ஆடியில பெரியவரு மறுபடி வாராரு. நீ செத்த வந்து பாத்துட்டுப் போகணும். அப்பிடியே கொஞ்சம் வெதையும் கொண்டாந்தீன்னா…"

"எதுக்குங்கய்யா?"

"எல்லாம் ஒரு சேவைதானம்மா. ஒனக்கும் அனுபவம் கூடும்."

சூசை உள்ளேயிருந்து, "இருக்குற அனுபவத்துக்கே வீட்ல எடம் பத்தலங்க" என்றார்.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். "அய்யா, நான் வாரேன். வெதையும் கொண்டாரேன். மஸ்டர் ரோல்ல எம்பேரை எழுதி இங்க கொண்டாங்க. கைநாட்டு வச்சதுக்குப் பெறகுதான் எரியோட்டு பஸ்ஸு ஏறுவேன்" என்றேன்.

"ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதும்மா."

"அப்ப நானும் வரக்கூடாதுங்கய்யா."

போனார். எரியோட்டுக்கே ஆள் அனுப்பி அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணன், "தங்கச்சி சொல்லாம பட்டிக்குள்ள யாரும் காலு வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். வேறு பட்டியில் கேட்டாலும் கொட்டை கிடைத்திருக்கும். எப்போது பொறுக்குவது, எதைத் தள்ளுவது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் குடையோடு மஸ்டர் ரோலும் வந்தது. "இந்தா, எழுதிட்டேன். வையி கைநாட்டு" என்று மைப்பெட்டியைத் திறந்தார்.

நான் விரலை மடக்கிக்கொண்டேன். "நூர்ஜகானு, இங்க வா தாயி" என்று குரல் கொடுத்தேன். உன் அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா வந்தாள். ஓவர்சியருக்கு முகம் செத்துவிட்டது. அவள் நோட்டை வாங்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஆரோக்கியம். புருசன் பேரு சூசை… இரு அக்கா, பக்கத்துல கட்டம் போட்டுச் சின்னதா என்னமோ இருக்கு. சி… சிர… சிரமதானம்."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா" என்றார் ஓவர்சியர்.

"அந்தப் பார்மாலிட்டிய நீங்க வச்சுக்கங்க. வெதைய நாங்க வச்சுக்கிறோம்" என்றார் சூசை.

உன் அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அடிச்சிட்டு எழுதுங்க சார், நான் நிக்கிறேன்" என்றாள். அவர் பேனாவைத் திறந்து அந்தச் சொல்லை அடித்தார். மஸ்தூர் என்று எழுதினார், அதாவது கூலியாள். நான் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நான்காம் தடவை அவளாகவே வாசித்தாள். அப்புறம்தான் விரலை மையில் வைத்தேன். அழுத்தின அழுத்தில் மை அடுத்த தாள் வரைக்கும் இறங்கியது.

அந்த ஆடியில் பெரியவர் வந்தபோது நான் வேலிக்கு உள்ளே நின்றேன். இரண்டு வருடத்தில் வேலையை நிரந்தரமாக்கினார்கள். ராஜுவை வேறு ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்றைக்கு என்னிடம் வந்து விதை பொறுக்குகிற விதத்தைக் கேட்டுக்கொண்டு போனான். சொல்லிக் கொடுத்தேன். விதை மேல் எனக்கு என்ன கோபம்?

நான் கற்றுக்கொண்டது இதுதான். வேலை பழகுவதற்குச் சும்மா போவதில் குற்றமில்லை. பழகாமல் எந்த வேலையும் வராது. ஆனால் போன முதல் நாளே பெயரை எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை நம் ஆள் ஒருவரை வைத்து வாசிக்கக் கேட்க வேண்டும். ஒனக்கு எதுக்கு இந்த மையெல்லாம் என்று ஒருவன் மரியாதையாகப் பேசினால், அங்கேயே நின்று இரண்டாம் தடவை கேட்க வேண்டும்.

ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள். சின்ன வயது ஆபீசர் ஒருவர் என் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, வேலையில் சேர்ந்தது வைகாசி என்று வாசித்தார். "அதுக்கு முந்தி எட்டு மாசம் இருக்குங்களே சார்" என்றேன்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது நீங்க சேவையா செஞ்சதா இருக்கும்மா. அதுக்கெல்லாம் ரெக்கார்டு இருக்காது" என்றார்.

"ரெக்கார்டு இருக்குங்க சார். பழைய மஸ்டர் ரோலை எடுத்துப் பாருங்க, ஒரு நாள் விடாம ஆஜர்னு இருக்கும். பேரு மட்டும் ராஜுன்னு போட்டிருக்கும்" என்றேன்.

அந்த ஆபீசர் பிள்ளை என் மாலையைச் சரி செய்கிற மாதிரி… இரு, கரண்ட் வந்துவிட்டது. உளுந்து காலையிலிருந்து ஊறுகிறது, இன்னும் செத்த நேரம் விட்டால் புளித்துப் போகும். கிரைண்டரைப் போட்டுவிட்டு வாரேன். நீ அந்தக் கீரைத் தண்டை ஒதுக்கி வை.